கேம் ஓடுகிறது, எழுதியவர் பெயர் எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டில் முதல் வாரம் என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பெரியவர்கள் பேங்க் கணக்கு, ரயில் டிக்கெட் என்று திட்டமிட்டுக் கொண்டிருப்பார்கள். அதற்குள் பிள்ளைகள் ஒரு கேமை இறக்கி விளையாடத் தொடங்கியிருப்பார்கள். அந்த கேமை முழுவதும் ஆடி முடித்தால் ஸ்கிரீனில் கீழிருந்து மேலாகப் பெயர்கள் ஓடும். சில கேம்களில் நூற்றுக்கணக்கில் ஓடும். நாம் என்ன செய்கிறோம்? எஸ்கேப் கீயைத் தட்டி வெளியே வந்து விடுகிறோம்.

அந்தப் பெயர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு சாப்ட்வேரை எழுதியவர்களின் பெயரை அந்த சாப்ட்வேரிலேயே முழுமையாகப் போட வேண்டும் என்பது என் கருத்து. இதை நிறுவனம் காட்டும் மரியாதை என்று விட்டுவிடக் கூடாது. விலை கொடுத்து வாங்குகிற நாமும் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று இது. பெயர் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கையடக்க வீடியோ கேம்களை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

கேம் பாய் என்றால் என்ன?

இன்றைய பிள்ளைகளுக்குக் கேம் என்றால் மொபைல் போன். அதற்கு முன் இருந்தது கேம் பாய். ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889ல் சீட்டுக் கட்டு தயாரிப்பதற்காகத் தொடங்கப்பட்ட நின்டெண்டோ நிறுவனம், 1989 ஏப்ரல் 21 அன்று இதை வெளியிட்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. 160க்கு 144 புள்ளிகள் கொண்ட சிறிய ஸ்கிரீன். கலர் கிடையாது, நான்கே சாயல்கள். வேலை செய்யும் மெமரி 8 கிலோபைட். நான்கு பென்சில் பேட்டரிகளில் ஓடும். பின்பக்கம் ஒரு கார்ட்ரிட்ஜைச் செருகினால் கேம் ரெடி.

இவ்வளவு எளிய பொருள் எவ்வளவு விற்றது தெரியுமா? பின்னால் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து ஏறத்தாழ 11 கோடியே 87 லட்சம். அதற்கான டெட்ரிஸ் கேம் மட்டும் சுமார் மூன்றரைக் கோடி கைகளுக்குப் போனது. இத்தனை கோடிப் பேர் ஆடிய கேம்களை எழுதியவர்கள் யார் என்று கேட்டால், கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். நின்டெண்டோ!

இது பதிலே இல்லை. ஒரு கட்டிடத்தைக் காட்டி இதைக் கட்டியவர் யார் என்று கேட்டால், கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் பெயரைச் சொல்வது போன்றது இது.

லோகோவுக்கு 48 பைட்

கேம் பாய் கார்ட்ரிட்ஜின் உள்ளே புரோகிராம் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் தொடக்கத்திலும் முகவரிச் சீட்டு போல ஒரு சிறு பகுதி உண்டு. இதை ஹெடர் என்பார்கள். அதில் 48 பைட் அளவு இடம் நின்டெண்டோ லோகோவுக்கு. அதற்கு அடுத்து கேமின் தலைப்புக்கு 16 பைட். பிறகு எந்த நிறுவனம் வெளியிட்டது என்பதற்கு ஒரு பைட்டில் ஒரு கோடு எண்.

ஸ்விட்சைப் போட்டதும் கேம் பாய் முதலில் செய்யும் வேலை இந்த லோகோவைச் சரிபார்ப்பதுதான். தன்னிடம் உள்ள லோகோவும் கார்ட்ரிட்ஜில் உள்ள லோகோவும் ஒத்துப் போகிறதா என்று பார்க்கும். ஒரு பைட் மாறியிருந்தாலும் கேம் ஓடாது, மெஷின் அப்படியே நின்று விடும். அனுமதி வாங்காமல் யாரும் கார்ட்ரிட்ஜ் தயாரித்து விடக் கூடாது என்பதற்கான பூட்டு இது.

ஆக, நிறுவனத்தின் பெயர் இல்லாவிட்டால் கேமே ஓடாது. எழுதியவர் பெயருக்கோ ஹெடரில் ஒரு பைட் கூட ஒதுக்கப்படவில்லை. அந்தக் கோடு எண்ணும் வெளியிட்ட நிறுவனத்தைத்தான் சொல்லும், உருவாக்கியவரைச் சொல்லாது.

இடப் பற்றாக்குறை என்று சொல்ல முடியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேம் பாயுடன் வந்த சூப்பர் மேரியோ லேண்ட் கேமின் அளவு 64 கிலோபைட், அதாவது 65,536 பைட். 20 பேரின் பெயர், ஆளுக்கு 12 எழுத்து என்று வைத்தால் 240 பைட். மொத்தத்தில் அரை சதவீதம் கூட இல்லை! இடம் இருந்தது. மனம் இருந்தால் போட்டிருக்கலாம்.

பெயர் போட்டும் புரியவில்லை

சூப்பர் மேரியோ லேண்டில் பெயர்களைப் போடத்தான் செய்தார்கள். கேமை முடித்தால் பெயர்கள் வரும். ஆனால் எப்படி? ஜி. யோகோய், எஸ். ஒகாடா, எச். டனாகா என்று இனிஷியலும் குடும்பப் பெயரும் மட்டும். இனிஷியலை வைத்துக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் நிறுவனத்தின் எந்தப் பிரிவில் வேலை செய்தார்கள் என்ற தகவலும் அதில் கிடையாது.

இதனால் வந்த குழப்பம் சாதாரணமானதல்ல. மேரியோ என்றவுடன் நினைவுக்கு வருபவர் ஷிகெரு மியமோடோ. மேரியோவைப் படைத்தவர் அவர். எனவே மேரியோ பெயரில் வந்த எல்லாம் அவருடையது என்று பலரும் எண்ணிக் கொள்கிறார்கள். சூப்பர் மேரியோ லேண்ட் அவருடைய குழு செய்தது அல்ல. இயக்கியவர் சடோரு ஒகாடா. தயாரிப்பாளர் குன்பெய் யோகோய். இசை ஹிரோகாசு டனாகா. மூவரும் நின்டெண்டோவின் ஆர் அண்ட் டி 1 என்ற உள் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஒன்றே முக்கால் கோடிக்கு மேல் விற்ற ஒரு கேமின் உரிமை, மக்கள் மனதில் வேறொருவர் கணக்கில் போய்ச் சேர்ந்து விட்டது.

ஆர் அண்ட் டி 1

அக்காலத்து நின்டெண்டோவில் ஆராய்ச்சி மற்றும் தயாரிப்புக்கு எண் போட்ட பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவுக்குத் தலைவர் யோகோய். வீட்டு டிவியில் இணைக்கும் பேமிகாம் மெஷினை வடிவமைத்த மசாயுகி உவேமுரா இரண்டாம் பிரிவுக்கு. மூன்றாம் பிரிவுக்கு கென்யோ டகேடா. பிறகு மியமோடோவுக்காகத் தனிப் பிரிவு. அது பின்னாளில் இ.ஏ.டி. என்ற பெயரில் வளர்ந்தது.

யோகோய் 1965ல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை, சீட்டுக் கட்டு அச்சடிக்கும் மெஷின்களைப் பராமரிப்பது. ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக் கொண்டிருப்பதைப் பார்த்து, கையடக்க கேம் யோசனை அவருக்கு வந்ததாகச் சொல்வார்கள். 1980ல் கேம் அண்ட் வாட்ச் பிறந்தது. கால்குலேட்டரில் பயன்படும் அதே எல்.சி.டி. திரைதான். 4 கோடிக்கும் மேல் விற்றது. 1982ல் வந்த டாங்கி காங் கேமில் கூட்டல் குறி வடிவ பட்டனை வைத்தார்கள். இன்று எந்த கேம்பேடை எடுத்தாலும் இடது கட்டை விரலுக்கு அடியில் இருக்கிறதே, அதே பட்டன்தான்!

விலை குறைந்த, நன்றாகப் பழகிப் போன பாகங்களை எடுத்துப் புது வழியில் பயன்படுத்து. இதுதான் யோகோயின் கொள்கை. கேம் பாயில் கலர் ஸ்கிரீன் இல்லாததற்கும், பேட்டரி பல மணி நேரம் தாங்கியதற்கும் இதுவே காரணம்.

இவ்வளவும் படித்த பிறகு கேம் பாயின் தந்தை யோகோய் என்று எழுதி வைத்துக் கொள்ளத் தோன்றும். பல புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒகாடா பிற்காலப் பேட்டிகளில் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். கேம் அண்ட் வாட்ச் போல எளிய, மலிவான ஒரு பொம்மையைத்தான் யோகோய் முதலில் மனதில் வைத்திருந்தார். பல ஆண்டுகள் தாங்கும்படி, யார் வேண்டுமானாலும் புதிது புதிதாக கேம் எழுதித் தரும்படி அமைய வேண்டும் என்று வாதாடியது தான்தான் என்கிறார் ஒகாடா. கடைசியில் யோகோய் சம்மதித்தார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நிறுவனத்தின் பெயரை மட்டும் சொன்னால் ஆட்கள் மறைந்து போகிறார்கள். ஒரே ஒரு நாயகன் பெயரைச் சொன்னால் பக்கத்தில் நின்று வாதாடியவர் மறைந்து போகிறார். குழுவில் இருந்த அத்தனை பேரையும், அவரவர் செய்த வேலையோடு எழுதி வைத்தால்தான் உண்மை நிற்கும்.

துப்பறிவது எப்படி?

எழுதி வைக்காததால் இன்று ஆர்வலர்கள் துப்பறிய வேண்டியிருக்கிறது. 1999ல் தொடங்கப்பட்ட மோபிகேம்ஸ் போன்ற தகவல் தொகுப்புகளில் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து பெயர்களைச் சேகரித்து வருகிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் வழிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

முதலாவது, கேம் முடிவில் வரும் பெயர்ப் பட்டியல். பல கேம்களின் பட்டியல்களை அருகருகே வைத்து, ஒரே பெயர்கள் சேர்ந்து வருகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, கார்ட்ரிட்ஜில் உள்ள புரோகிராமை ஹெக்ஸ் எடிட்டர் கொண்டு திறந்து, திரையில் வராத எழுத்துகள் ஏதேனும் உள்ளே இருக்கிறதா என்று தேடுவது. மூன்றாவது, இசையை ஒலிக்கச் செய்யும் புரோகிராம் பகுதியை ஒப்பிடுவது. ஒரு குழு இப்பகுதியை ஒரு முறை எழுதினால் அடுத்தடுத்த கேம்களிலும் அதையே பயன்படுத்தும். ஆகவே இது கைரேகை மாதிரி. நான்காவது, பேட்டிகள். நின்டெண்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாடா, 2006 முதல் தன் ஊழியர்களையே பேட்டி கண்டு வெளியிட்டார். ஒரு நிறுவனத் தலைவர் உட்கார்ந்து யார் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்தது பெரிய காரியம். அவரும் ஒரு காலத்தில் புரோகிராம் எழுதியவர் என்பது காரணமாக இருக்கலாம்.

இந்த வழிகளில் எதையும் தனியாக நம்ப முடியாது. கையடக்க கேம் என்றால் ஆர் அண்ட் டி 1தான் என்று முடிவு கட்டினால் தவறாகி விடும். 1993ல் கேம் பாய்க்கு வந்த செல்டா வரிசை கேமான லிங்க்ஸ் அவேக்கனிங், மியமோடோவின் இ.ஏ.டி. பிரிவில் உருவானது. கசுவாகி மொரிடா என்ற புரோகிராமர், வேலை நேரம் முடிந்த பிறகு பொழுதுபோக்காகத் தொடங்கிய முயற்சி அது. பிறகு டகாஷி டெசுகா இயக்கத்தில் முழு கேமாக வளர்ந்தது. 1992ல் வந்த கிர்பியின் முதல் கேமின் பெட்டியில் நின்டெண்டோ பெயர் இருக்கும். ஆனால் உருவாக்கியது எச்.ஏ.எல். என்ற தனி நிறுவனம், வடிவமைத்தவர் மசாஹிரோ சகுராய். அதே 1992ல் ஜப்பானில் மட்டும் வெளியான எக்ஸ் என்ற முப்பரிமாண கேமில், இங்கிலாந்தின் ஆர்கோநாட் நிறுவனத்தின் டிலன் கத்பர்ட்டும் ஆர் அண்ட் டி 1 குழுவும் சேர்ந்து வேலை செய்தார்கள்.

பெட்டியைப் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே மூன்று வேறு கதைகள்.

டெட்ரிஸ் கதை இன்னும் வேடிக்கை. அந்த கேமைப் போட்டதும் உரிமை பற்றிய அறிவிப்பு வரும். அதில் மூல யோசனையும் வடிவமைப்பும் அலெக்ஸி பஜித்னோவ் என்று இருக்கும். மாஸ்கோவில் இதை முதலில் எழுதியவர் அவர். மகிழ்ச்சி. ஆனால் அதை கேம் பாயின் 8 கிலோபைட் மெமரிக்குள் திருப்பி எழுதிய ஜப்பானியக் குழுவின் பெயர் அங்கே இல்லை. பெயர் போடப்பட்ட பஜித்னோவுக்கோ 1996 வரை ராயல்டி வரவில்லை! பெயர் ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம் போன கதை இது.

ஏன் மறைத்தார்கள்?

போட்டி நிறுவனம் ஆளைக் கொத்திக் கொண்டு போய்விடும் என்ற பயம் முக்கியக் காரணம். அதனால் 1980களில் ஜப்பானிய கேம்களில் புனைப்பெயர்கள் நிறைய வந்தன. 1986ல் வந்த மெட்ராய்ட் கேமில் இசையமைப்பாளர் டனாகா, ஹிப் டனாகா என்றுதான் இருக்கிறார். காப்காம் நிறுவனத்தின் கெய்ஜி இனாபுனே, இனாப்கிங் ஆனார். சிலர் விருப்பப்பட்டு வைத்துக் கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு துறை முழுவதும் புனைப்பெயரில் உலவியது விருப்பத்தினால் மட்டும் இருக்க முடியாது.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1970களின் பிற்பகுதியில் மேட்டல் நிறுவனம் ஆட்டோ ரேஸ் என்ற கையடக்க கேமை விற்றது. கால்குலேட்டர் சிப்பில் சுமார் 500 பைட்டுக்குள் அதற்கான புரோகிராமை எழுதியவர் மார்க் லெஸ்ஸர். அவர் மேட்டல் ஊழியர் கூட அல்ல, சிப் செய்து கொடுத்த ராக்வெல் நிறுவனத்தில் இருந்தவர். வாங்கியவர்கள் அறிந்தது மேட்டல் பெயரை மட்டும்தான்.

டிவியில் ஆடும் கேம்களில் அட்டாரி நிறுவனம் எழுதியவர் பெயரைப் போட மறுத்தது. 1979ல் அங்கிருந்து நான்கு புரோகிராமர்கள் வெளியேறி, ஆக்டிவிஷன் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எழுதியவர் பெயரையும் சேர்த்து வெளியிட்டார்கள். அட்டாரியில் வேலை பார்த்த வாரன் ராபினெட், 1980ல் வந்த தன் அட்வென்ச்சர் கேமில் ஒரு ரகசிய அறையைக் கட்டி, அதற்குள் தன் பெயரை ஒளித்து வைத்தார். ஈஸ்டர் எக் என்று இன்று நாம் வேடிக்கையாகத் தேடிப் பார்க்கிறோமே, அதில் புகழ் பெற்றது இதுதான். வேடிக்கைக்காக ஒளித்தது அல்ல, வெளிப்படையாகப் போட விடாததால் ஒளித்தது.

பெயரே வேண்டாம் என்று தொழில் செய்பவர்களும் உண்டு. கியோட்டோவின் டோசே என்ற நிறுவனம் 1979ல் தொடங்கி, மற்ற நிறுவனங்களுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்களில் வேலை செய்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் அதன் பெயரைப் பார்க்க முடியாது. திரைக்குப் பின்னால் இருப்பதே அவர்கள் கொள்கை.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம்

இதெல்லாம் அந்தக் காலம், இன்று மெமரிக்கும் பஞ்சமில்லை, பெயர் போடவும் தயக்கமில்லை என்று நீங்கள் நினைக்கலாம். கையிலும் வைத்து ஆடலாம், டிவியிலும் இணைக்கலாம் என்று வந்த நின்டெண்டோ ஸ்விட்சில் நடந்ததைப் பாருங்கள்.

2021ல் மெட்ராய்ட் டிரெட் வெளியானது. உருவாக்கியது ஸ்பெயின் நாட்டின் மெர்குரிஸ்டீம் நிறுவனம். அதில் வேலை செய்த சிலர், தங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மொத்தத் தயாரிப்புக் காலத்தில் குறைந்தது 25 சதவீதம் வேலை செய்தவர்களுக்கு மட்டுமே பெயர் என்பது எங்கள் விதி என்றது நிறுவனம். நான்கு ஆண்டு நடக்கும் ஒரு வேலையில் பதினோரு மாதம் உழைத்து விட்டு விலகியவர், இந்த விதிப்படி அந்த கேமில் இருந்ததே இல்லை!

2023ல் மெட்ராய்ட் பிரைம் கேமை மெருகேற்றி மீண்டும் வெளியிட்டார்கள். 2002ல் அதை முதலில் உருவாக்கியவர்களின் பெயர்கள் போய், முதல் பதிப்புக் குழுவின் படைப்பை அடிப்படையாகக் கொண்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது. 2025 ஜனவரியில் டாங்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸ் மறுபதிப்பிலும் இதே கதைதான். பெயர்கள் பழைய பதிப்பில் தயாராக இருந்தன. எடுத்து ஒட்டியிருந்தால் போதும். இன்னும் 30 ஆண்டுகள் கழித்து இந்த கேமைத் திறந்து பார்ப்பவர், மறுபதிப்பு செய்தவர்கள்தான் முழுவதையும் செய்தார்கள் என்று முடிவு கட்டி விடுவார்.

மறுப்பவர்கள் சொல்வது

பணம் போடுவது நிறுவனம், நஷ்டம் வந்தால் தாங்குவதும் நிறுவனம், எனவே பெயரும் நிறுவனத்துக்குத்தான் என்பார்கள். உரிமை நிறுவனத்துக்குத்தான். அதில் எனக்குத் தகராறு இல்லை. இதை உருவாக்கியது இன்னார் என்பது ஒரு தகவல். அதைச் சொல்வதால் உரிமையில் ஒரு பைசா குறையாது. சினிமாவில் தயாரிப்பாளர் பெயரும் வருகிறது, லைட் பிடித்தவர் பெயரும் வருகிறது.

ஆயிரம் பேர் வேலை செய்யும் சாப்ட்வேரில் எல்லாப் பெயரையும் எப்படிப் போடுவது என்பார்கள். பயர்பாக்ஸ் பிரவுசர் செய்து காட்டியிருக்கிறது. அதன் அட்ரஸ் பாரில் அபவுட், ஒரு கோலன், கிரெடிட்ஸ் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். உலகெங்கும் அதற்கு உதவியவர்களின் நீண்ட பட்டியல் வரும்.

பெயர் வெளியே தெரிந்தால் தொல்லை வரும் என்று பயப்படுபவர்கள் உண்டு. நியாயமான பயம். வேண்டாம் என்பவர் விலகிக் கொள்ளட்டும். அந்த முடிவை அவர் எடுக்க வேண்டும், நிறுவனம் அல்ல.

எங்கள் தொழிலில் இது ஏன் முக்கியம்?

சாப்ட்வேர் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எழுதும் புரோகிராம் பெரும்பாலும் வேறொருவர் பெயரில்தான் வெளியே போகிறது. ஒரு வாடிக்கையாளருக்காக என் குழு ஒரு பில்லிங் புரோகிராமைப் பத்து மாதம் உட்கார்ந்து எழுதியது. ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பைலின் தலைப்பிலும் இருந்த எங்கள் பெயர் வரிகளை எடுத்து விடச் சொன்னார்கள். எடுத்தோம். எங்களில் ஒருவர் அடுத்த வேலைக்குப் போன இடத்தில், நீங்கள்தான் இதைச் செய்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். காட்ட ஒன்றுமில்லை.

பெயர் போடுவது வெறும் பெருமைக்காக என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். கட்டிடம் கட்டுபவர் தெருவில் நின்று அந்த வீட்டைக் காட்டலாம். புரோகிராம் எழுதுபவருக்குக் காட்ட இருப்பது அந்த ஒரு வரிதான். சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கமான ஐ.ஜி.டி.ஏ., பெயர் போடுவதற்கான வழிமுறைகளை எழுதி வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது வெறும் பரிந்துரை. எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தாது.

காலமும் காத்திருக்காது. யோகோய் 1996ல் நின்டெண்டோவை விட்டு விலகி, 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார். இவாடா 2015லும் உவேமுரா 2021லும் காலமானார்கள். ஆர் அண்ட் டி 1 பிரிவு 2004ல் கலைக்கப்பட்டு, அதன் ஆட்கள் வேறு பிரிவுகளுக்குப் பிரிந்து போனார்கள். கேம்களும் மறைகின்றன. 2023ல் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை என்று தெரிய வந்தது. கேம் பாய் கேம்களில் 6 சதவீதம் கூடக் கடையில் கிடைக்காது. கேமும் போய், செய்தவரும் போன பிறகு, யாரிடம் கேட்பது?

நீங்கள் என்ன செய்யலாம்?

வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் மாறுவார். சில எளிய வழிகள்.

கேம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எஸ்கேப் தட்டாமல் ஒரு முறையாவது பாருங்கள். இசை யார், படம் வரைந்தவர் யார் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கேம் என்பது ஆட்கள் செய்யும் வேலை என்று அவர்களுக்குப் புரியும்.

கம்ப்யூட்டரில் உள்ள மற்ற சாப்ட்வேர்களில் ஹெல்ப் மெனுவைத் திறந்து அபவுட் என்பதைக் கிளிக் செய்திடவும். வி.எல்.சி. பிளேயரில் ஆத்தர்ஸ் என்றும், லிப்ரே ஆபீசில் கிரெடிட்ஸ் என்றும் இருக்கும். இவை இலவசமாகக் கிடைப்பவை. பெயர் போட்டிருக்கிறார்கள். நீங்கள் பணம் கொடுத்து வாங்கியவற்றிலும் அதே இடத்தைத் திறந்து, அங்கே என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் பழைய கேம் பாயோ, வேறு கையடக்க கேமோ இருந்தால் கூடவே வந்த அட்டைப் பெட்டியையும் சிறு புத்தகத்தையும் பழைய பேப்பருடன் போட்டு விடாதீர்கள். பல கேம்களுக்கு அதில் அச்சான ஒரு வரி பிற்காலத்தில் சாட்சியாகலாம்.

கடைசியாக, உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு சோதனை. நீங்கள் டைப் செய்து சேமித்த ஒரு வேர்டு பைலின் மேல் ரைட் கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். டீடெய்ல்ஸ் டேபில் ஆத்தர்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் பெயர் இருக்கிறதா? அல்லது கம்ப்யூட்டர் கடைக்காரர் போட்டுக் கொடுத்த யூசர், அட்மின் போன்ற ஏதாவது இருக்கிறதா? இரண்டாவது என்றால், வேர்டில் பைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல் சென்று யூசர் நேம் கட்டத்தில் உங்கள் பெயரை டைப் செய்து ஓகே தட்டவும். இனி நீங்கள் எழுதும் புதிய பைல்கள் உங்கள் பெயரில் இருக்கும்.

இரண்டு நிமிட வேலைதான். நம் வீட்டுக் கடிதத்துக்கு நாம் செய்து கொள்ளும் இந்தச் சிறு காரியத்தை, கோடிக்கணக்கில் விற்கும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குச் செய்ய வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?